கொழும்பில் ஒரு தேசியப் பொதுநிலையினர் மாநாடு: முதலில் மண்டபத்தைத் தேடாதீர்கள்

கொழும்பில் எந்தக் கத்தோலிக்கக் கூட்டம் என்றாலும் முதல் கேள்வி "எந்த ஹோல்?" என்பதுதான். ஒருவருக்கு ஒரு பாடசாலை அதிபரைத் தெரியும், மற்றவருக்குப் பொரளையில் ஒரு இடம் தெரியும், இன்னொருவர் பண்டாரநாயக்க மண்டபம் என்று ஆரம்பிப்பார். அந்தக் கதை முடிவதற்குள் தேதி, சாப்பாட்டுக்காரர், மேடைப் பதாகையின் நிறம் எல்லாம் முடிவாகிவிடும். வவுனியாவிலிருந்து வருபவர் எப்படி வந்து சேருவார் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் பிறந்தது மன்னார் வங்காலை, வாழ்க்கைப்பட்டது கொட்டாஞ்சேனை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் பங்கிலோ மறைமாவட்டத்திலோ கூட்டம் என்றால் கணக்கும் பதிவு மேசையும் என் தலையில்தான் விழும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டுப் பெண், வரவேற்கிற வீட்டின் மருமகள், இரண்டுமாக இருந்து பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு கட்சிதான் உண்டு. தூரத்திலிருந்து வருகிற, கையில் காசு குறைந்த, சிங்களம் தெரியாத ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திட்டமிடுங்கள். அவருக்குச் சரிவருகிற கூட்டம் வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7இல் இருப்பவருக்கும் சரிவரும். கொழும்பு 7க்குச் சரிவருகிற கூட்டம் அவருக்குச் சரிவராது.

பெயருக்கு முன் ஒரு கடிதம்

பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகள், கூடும் கூட்டம்தானே, ஆயரிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று சிலர் வீராப்பாகக் கேட்பார்கள். அவர்கள் பாதி சரி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 215ஆம் எண், விசுவாசிகள் சங்கங்கள் அமைக்கலாம், கூட்டங்கள் நடத்தலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. 212ஆம் எண், திருச்சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையும் சில வேளைகளில் கடமையும் அவர்களுக்கு உண்டு என்கிறது. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். 216ஆம் எண்ணின்படி, அதிகாரமுள்ள திருச்சபைத் தலைமையின் இசைவு இல்லாமல் எந்த முயற்சியும் தன்னைக் கத்தோலிக்கம் என்று அழைத்துக்கொள்ள முடியாது. ஆகவே "தேசிய கத்தோலிக்க" என்று பதாகை அடிக்க நினைத்தால் ஆயர் பேரவைக்குக் கடிதம் போவதுதான் முதல் வேலை. கூட்டம் நடப்பது கொழும்பில் என்பதால் கொழும்புப் பேராயருக்குத் தனியாக ஒன்று.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எதைப் பற்றிப் பேசப்போகிறோம், எத்தனை பேர், யார் செலவு, திருப்பலிக்கு யாரை அழைக்க விரும்புகிறோம், முடிவில் என்ன வெளியாகும். கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு அறிக்கை வரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். திடீரென்று கையில் கொடுத்தால்தான் வில்லங்கம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வரை மற்ற மறைமாவட்டங்களுக்கு அதிகாரபூர்வமாக எழுத வேண்டாம். ஆட்களோடு கதைக்கலாம். கதைக்கத்தான் வேண்டும்.

யார் வருவது

நாட்டில் 12 மறைமாவட்டங்கள்: கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், சிலாபம், திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், அனுராதபுரம், பதுளை, குருநாகல், இரத்தினபுரி. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 12 இலட்சத்துக்கு மேல், மொத்த மக்களில் ஏறக்குறைய 6 சதவீதம். அவர்களில் சுமார் பாதிப் பேர் கொழும்பு, கம்பஹா, களுத்துறை மாவட்டங்களை உள்ளடக்கிய கொழும்பு உயர் மறைமாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

சரி, 300 பேர் கூடுவதாக வைப்போம். ஆள் கணக்குப்படி பிரித்தால் 150 பேர் கொழும்பிலிருந்தே வந்துவிடுவார்கள். அது கொழும்பு மாநாடு, மற்றவர்கள் விருந்தாளிகள். எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு மறைமாவட்டத்துக்கு 25. அப்போது நீர்கொழும்பிலிருந்தும் வத்தளையிலிருந்தும் நியாயமான முணுமுணுப்பு வரும். நான் சொல்லும் வழி இரண்டுக்கும் நடுவில்: ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் முதலில் 15 இடம், அது 180. மீதி 120ஐ ஆள் கணக்குப்படி பிரியுங்கள். கொழும்புக்கு மொத்தம் 75 வரும். பெரிய மறைமாவட்டம் பெரியதாகவே இருக்கும், ஆனால் மற்றவர்களை மூழ்கடிக்காது.

எண்ணிக்கையை விடக் கடினமானது ஆள் தெரிவு. கடிதம் பங்குக்குப் போனால், பங்குத்தந்தை யாரை அனுப்புவார் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்: பங்குச் சபைச் செயலாளர், வின்சென்ட் தே பவுல் சபைத் தலைவர், மரியாயின் சேனையில் நெடுங்காலம் இருக்கும் ஒரு அக்கா. நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் அவர்களே வருவதால் எல்லாக் கூட்டத்திலும் அதே பேச்சு. ஆகவே அழைப்பிலேயே நிபந்தனை போடுங்கள்: பாதிப் பேர் எந்தப் பதவியிலும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், மூன்றில் ஒருவர் 35 வயதுக்குக் கீழ். மலையகத்தில் தோட்டத்தில் வேலை செய்பவர் என்று தனியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் நகரத்து ஆசிரியர்தான் வருவார். கரையோரத்தில் மீனவர் என்று எழுதுங்கள்.

ஒழுங்கமைப்புக் குழுவுக்கும் அதே விதி. ஒவ்வொரு மறைமாவட்டத்திலிருந்தும் ஒருவர். கொழும்பில் ஓடியாடி வேலை செய்ய ஒரு சின்னக் குழு இருக்கலாம், ஆனால் முடிவெடுப்பது பெரிய குழு. கூட்டங்களை சூமில் வையுங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காமல். டேட்டா தீர்ந்துபோகிறவர்களுக்காக முடிவுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடுங்கள். தட்டச்சு செய்த அறிக்கையைப் படிக்காதவர் கூட, பஸ்ஸில் போகும்போது குரல் பதிவைக் கேட்பார்.

தேதி

நாட்காட்டியை விரித்து, நடக்காத நாட்களை முதலில் வெட்டுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும், இறைச்சிக் கடைகளும் பூட்டு. போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட வாரயிறுதி விடுமுறை என்பதால் நல்லது போலத் தெரியும், ஆசனம் கிடைக்காது. தவக்காலம் வேண்டாம். ஏப்ரல் முழுவதையும் விட்டுவிடுங்கள்: பெரிய வாரம், சித்திரைப் புத்தாண்டு, 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளை நினைவுகூரும் 21ஆம் தேதி. யூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, அதற்கு முந்திய நாட்களில் கொழும்பு 13 பக்கம் வாகனம் நகராது. யூலை 2, ஆகஸ்ட் 15 இரண்டும் மடு மாதா திருவிழா, வடக்கிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள், தெற்கிலிருந்தும் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் வடக்கு கிழக்கு ஆட்களைக் கொழும்புக்குக் கூப்பிடுவது முறையல்ல. தவக்காலம் என்றாலும் பரவாயில்லை என்று மார்ச்சில் சூசையப்பர் கல்லூரி அல்லது பேதுருவானவர் கல்லூரி மண்டபத்தைக் கேட்கும் எண்ணம் இருந்தால், ஜோ - பீட் கிரிக்கெட் மேட்ச் எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். அந்த நாட்களில் பையன்கள் லொறியில் ஏறிப் பாண்ட் அடித்துக்கொண்டு திரிவார்கள், அமைதியான செபத்துக்கு இடமில்லை.

யனவரி 16 புனித யோசப் வாஸ் திருநாள். 1711இல் அந்த நாளில்தான் அவர் கண்டியில் இறந்தார். 2015 யனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். சிங்களமும் தமிழும் கற்றுக்கொண்டு இரண்டு மக்களிடமும் கால்நடையாகப் போன மனிதர் என்பதால், இப்படி ஒரு கூட்டத்துக்கு அவரை விடப் பொருத்தமான பாதுகாவலர் கிடையாது. ஆனால் தைப்பொங்கலும் அந்த நாட்களில்தான் வரும். தமிழ்க் கத்தோலிக்க வீடுகளிலும் பொங்குகிறார்கள். ஆகவே யனவரி 16 வேண்டாம், அதற்கு அடுத்த கிழமை சனி, ஞாயிறு பாருங்கள்.

பாடசாலை விடுதியில் ஆட்களைத் தங்கவைக்க நினைத்தால் விடுமுறைக் காலம் தேவை. அந்த வருடத்துத் தவணைத் திகதிகளும் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளும் எப்போது என்று கல்வி அமைச்சின் அறிவித்தலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதெல்லாம் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

வருவதும் தங்குவதும்

கூட்டம் சனி காலை ஒன்பது மணிக்கு என்றால், மட்டக்களப்பிலிருந்து வருபவருக்கு அது வெள்ளி இரவு தொடங்குகிறது. தூரத்து இரவு ரயில்கள் விடியற்காலையில் கோட்டைக்கு வந்து இறக்கிவிடும். அந்த நேரத்தில் கோட்டை ரயில் நிலையத்தில் முகம் கழுவக்கூட வசதியாக ஒரு இடம் கிடைப்பது கஷ்டம். ஆகவே வரவேற்பு ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் அல்ல, விடியற்காலை கோட்டை வாசலில். தமிழ் பேசும் ஒருவரும் சிங்களம் பேசும் ஒருவரும் பலகை பிடித்துக்கொண்டு நிற்கட்டும், ஒரு வேன் ஓடட்டும். புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கும் அதே மாதிரி. மண்டபத்தில் குளியலறையும் பிளேன்டியும் ஐந்து மணிக்கே ஆயத்தமாக இருக்க வேண்டும். இது ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் பிறகு நடக்கும் பத்துக் குறைகளை மன்னித்துவிடுவார்கள்.

ரயில் ஆசனங்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்கவிடாமல் மறைமாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் முன்பதிவு திறக்கும் நாளிலேயே மொத்தமாக எடுக்கட்டும். பாதைத் திருத்த வேலை என்று வடக்குப் பாதை இடையிடையே மூடப்படுவது வழக்கம், மழைக் காலத்தில் மலையகப் பாதையிலும் மண் சரியும். அந்தந்தப் பக்கத்து தனியார் பஸ் முதலாளி ஒருவரின் இலக்கம் கையில் இருப்பது நல்லது. ஒரு மறைமாவட்டத்திலிருந்து 20 பேருக்கு மேல் என்றால் பஸ்ஸே மலிவு. போகிற வழியில் செபமாலையும் பாட்டுமாக ஆட்கள் பழகியும் விடுவார்கள்.

தங்குவதற்கு நான் எப்போதும் வீடுகளைத்தான் சொல்வேன். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம், வத்தளைப் பங்குகளில் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை ஒரு தடவை அறிவித்தால் போதாது, பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போக வேண்டும். படிவத்தில் இவை இருக்கட்டும்: மாடிப்படி ஏற வேண்டுமா, எப்படிப்பட்ட மலசலகூடம், வீட்டில் நாய் உண்டா, வீட்டார் எந்த மொழி பேசுவார்கள். வேண்டுமென்றே ஒரு தமிழரைச் சிங்கள வீட்டிலும், ஒரு சிங்களவரைத் தமிழ் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம், இரண்டு பக்கத்தாரும் முன்கூட்டியே சம்மதித்தால். சம்மதிக்காத இடத்தில் புரட்சி செய்ய வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வருவதாக இருந்தால் வீடுகள் வேண்டாம், பொறுப்பாளர்களோடு விடுதியில் ஒன்றாகத் தங்கட்டும், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு.

மொழி

இனிச் சொல்வதை இரண்டு தடவை வாசியுங்கள். கூட்டம் தேசியக் கூட்டமா இல்லையா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

கொழும்பில் ஆங்கிலம் நடுநிலையான மொழி போலத் தோன்றும். "எல்லோருக்கும் பொதுவாக இங்கிலிஷில் நடத்துவோமே" என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார். ஆங்கிலம் மேடையேறிய நிமிடத்தில் பேசுகிறவர்கள் பத்துப் பேராகச் சுருங்கிவிடுவார்கள், அவர்கள் எல்லோரும் ஒரே நாலு பாடசாலைகளில் படித்தவர்களாக இருப்பார்கள். நாட்டின் அரசியலமைப்பிலேயே சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. அந்த ஒழுங்கு நமக்கும் போதும். மேடை சிங்களமும் தமிழும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் அவர்களுக்கு ஒரு மூலையில் மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை வையுங்கள்.

அடுத்து, ஒருவர் பேசி முடிக்க இன்னொருவர் எழுந்து சுருக்கம் சொல்கிற முறையைக் கைவிடுங்கள். ஒருவர் பத்து நிமிடம் தமிழில் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டியிருப்பார், சிங்களத்தில் இரண்டு வரியில் "வடக்கில் உள்ள கஷ்டங்களைப் பற்றிச் சொன்னார்" என்று முடிந்துவிடும். சபையில் பாதிப் பேருக்கு அவர் என்ன சொன்னார் என்று கடைசி வரை தெரியாது. சிங்களத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இதே கதைதான். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கண்ணாடி அறையும் காதில் மாட்டும் கருவியும் வாடகைக்கு எடுங்கள். கொழும்பில் மாநாட்டுச் சாமான் வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், தொழில்நுட்ப ஆளையும் சேர்த்தே தருவார்கள். மண்டபத்தைத் தேட வேண்டியது இந்த இடத்தில்தான்: கண்ணாடி அறை வைக்க இடம் உண்டா, அங்கிருந்து மேடை தெரிகிறதா, வட்டமேசைகள் போடலாமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா. இந்த நாலுக்கும் ஆம் என்றால் அது எவ்வளவு பழைய மண்டபமாக இருந்தாலும் எடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதும் இருவர் இருவராகத்தான் இருக்க வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒரே ஆள் பேசினால் மூளை களைத்துப் பிழை வரும். "ஒரு ஆள் போதும், காசு மிச்சம்" என்று பொருளாளர் சொன்னால், நான் சொன்னேன் என்று மறுத்துவிடுங்கள். நானும் பொருளாளராக இருந்தவள்தான். பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மொழிபெயர்த்துப் பழகியவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒப்புரவு அருளடையாளம், மறைக்கல்வி, குருமுதல்வர், கூட்டொருங்கியக்கம் என்று வரும்போது தடுமாறுவார்கள். இரு மொழியிலும் நூறு திருச்சபைச் சொற்களை அட்டவணை போட்டு, பேச்சாளர்களின் குறிப்புகளோடு ஒரு கிழமைக்கு முன்பே அவர்களிடம் கொடுங்கள். அம்பிட்டிய குருமடத்தில் படித்த இருமொழிக் குரு யாராவது ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் அந்த அட்டவணையைச் செய்து தந்துவிடுவார்.

காதுக் கருவி கொடுக்கும்போது தேசிய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் ஒன்று உண்டு. அது வேண்டவே வேண்டாம். வெளியே போகும்போது அட்டை இல்லாமல் நிற்பது ஒரு வடக்கு ஆளுக்கு எவ்வளவு பதற்றம் என்று கொழும்பில் பிறந்தவர்களுக்குப் புரியாது. கழுத்தட்டையின் இலக்கத்தையும் கருவியின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதினால் போதும். கழுத்தட்டையில் பெயர் இரண்டு எழுத்திலும் இருக்கட்டும், பெரிதாக. பங்கின் பெயரும் இருக்கட்டும். பட்டங்களும் பதவிகளும் வேண்டாம்.

இன்னொரு வளம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரையான கரையோரத்தில் இரண்டு மொழியும் வீட்டு மொழியாகப் பேசுகிற மீனவக் குடும்பங்கள் உண்டு. தோட்டத்து இளைஞர்களிலும் நிறையப் பேர் இரண்டையும் சரளமாகப் பேசுவார்கள். மேசைகளை வழிநடத்த பேராசிரியர்களைத் தேடாமல் இவர்களைத் தேடுங்கள். ஒரு சனிக்கிழமை கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தால் போதும்.

மேடையைச் சிறிதாக்குங்கள்

குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, நன்றியுரை. இவை முடியும்போது சாப்பாட்டு நேரம். விளக்கை ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆரம்பம் அரை மணித்தியாலத்தில் முடிய வேண்டும். உரை ஒன்றே ஒன்று, இருபத்தைந்து நிமிடம். பொதுநிலையினரின் பணி பற்றி 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆணையோ, 1988இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடலோ அடிப்படையாக இருக்கலாம். அதைப் பேச ஒரு குருதான் வேண்டும் என்றில்லை.

மீதி நேரம் மேசைகளுக்கு. ரோமாபுரியில் 2023இல் ஆயர் மாமன்றம் வட்டமேசைகளைச் சுற்றி நடந்தது. அங்கேதான் பெண்களும் மற்றப் பொதுநிலையினரும் முதல் தடவையாக வாக்களித்தார்கள். அவர்கள் கையாண்ட முறையை அப்படியே எடுக்கலாம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசுவார், யாரும் குறுக்கிடக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. பிறகு மௌனம், உண்மையான மௌனம், கைபேசி பார்க்கும் மௌனம் அல்ல. இரண்டாம் சுற்றில், மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று மட்டும். மறுபடி மௌனம். மூன்றாம் சுற்றில்தான் ஒத்துப்போவது எது, போகாதது எது என்று பார்ப்பது. ஒத்துப்போகாததையும் எழுத வேண்டும்.

மேசைக்கு எட்டுப் பேர். முதல் நாள் காலை ஒரே மொழிக்காரர்கள் ஒன்றாக இருக்கட்டும், தன் மொழியில் பேசிக் கூச்சம் தெளிந்த பிறகு மதியத்துக்கு மேல் கலந்து உட்காரலாம். கலந்த மேசையில் இருமொழிக்காரர் ஒருவர் கட்டாயம். ஆயர்கள் வந்தால் மேடையில் நாற்காலி போடாமல் மேசைகளில் ஒரு மேசைக்கு ஒருவராக உட்காரச் சொல்லிக் கேளுங்கள். மூன்று நிமிட விதி ஆண்டகைக்கும் உண்டு என்று மேசைப் பொறுப்பாளர் மரியாதையாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த அளவில் பெரும்பாலான ஆயர்களுக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது. சுற்றி நிற்கிறவர்கள்தான் பதறுவார்கள்.

இறந்தவர்களை நினைப்பது

இதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. கொழும்பு, நீர்கொழும்பு ஆட்கள் 2019 ஏப்ரல் 21ஐ நெஞ்சில் சுமந்துகொண்டு வருவார்கள்: கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும். மட்டக்களப்புக்காரருக்கு அதே காலையில் சீயோன் தேவாலயம். வடக்கிலிருந்து வருபவர் யுத்தத்தில் இறந்தவர்களையும், காணாமல் ஆக்கப்பட்டுத் திரும்பி வராதவர்களையும் சுமந்து வருவார். சிங்களக் குடும்பங்களிலும் யுத்தத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்து "நாட்டில் உயிரிழந்த அனைவருக்காகவும்" என்று ஒரே வரியில் மன்றாடிவிட்டால் ஒருவருக்கும் ஆறுதல் கிடைக்காது, எல்லோருக்கும் ஏதோ மறைக்கப்பட்ட உணர்வுதான் மிஞ்சும்.

சனி மாலை ஒரு மணித்தியாலம் இதற்கென்று ஒதுக்குங்கள். திருப்பலியோடு கலக்காமல் தனியாக. மூன்று, நான்கு பேர், தன் கதையைத் தன் மொழியில், மொழிபெயர்ப்பு எல்லோர் காதிலும் ஓட. பேசுபவர்களை இரண்டு மாதத்துக்கு முன்பே போய்ச் சந்தித்துக் கேட்க வேண்டும். மேடையில் அழவைப்பதற்காக யாரையும் கூட்டி வரக் கூடாது, கடைசி நிமிடத்தில் முடியாது என்றால் விட்டுவிட வேண்டும். விவாதம் இல்லை, பதில் இல்லை, புகைப்படக்காரர் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் கதவு பூட்டு. ஒரு தாய் பேசிக்கொண்டிருக்கும்போது மண்டபத்தில் யாராவது எழுந்து வெளியே போனால் பின்னாலேயே ஓடித் திரும்பக் கூட்டி வராதீர்கள். வாசலில் ஒரு சிஸ்டர் தண்ணீரோடு நிற்கட்டும்.

மற்றவை, சுருக்கமாக

சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனுக்குப் போதும் என்றாலும் ஞாயிறு காலையே நல்லது, ஆட்கள் தெளிவாக இருப்பார்கள். கொட்டாஞ்சேனை லூசியா பேராலயம் கேட்டுப் பாருங்கள். முதல் வாசகம் சிங்களம், இரண்டாவது தமிழ், மன்றாட்டுகள் கலந்து, பாடல்கள் எல்லோருக்கும் தெரிந்த மெட்டில். மறையுரை குருவோ தியாக்கோனோதான் செய்ய முடியும். பொதுநிலையினர் ஒருவர் சாட்சியம் சொல்வதாக இருந்தால் நற்கருணைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு: காலையில் இடியப்பம், பருப்பு, சம்பல். மதியம் சோற்றுப் பார்சல் அல்ல, உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. பயணம் போகும்போதுதான் பார்சல். மாமிசம் சாப்பிடாதவர்களின் எண்ணிக்கையைப் பதிவுப் படிவத்திலேயே எடுத்துவிடுங்கள்.

பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள், ஒலிபெருக்கி வெளியே கட்டுவதாக இருந்தால் அனுமதியும் அங்கேதான். 2019க்குப் பிறகு பை சோதனை நமக்குப் பழகிவிட்டது, ஆனால் பெரிய பயணப் பைகளோடு வருகிறவர்களை வாசலில் வரிசையாக நிற்க வைக்காமல் பைகள் வைக்கத் தனி அறை கொடுங்கள். அவசரத்துக்கு சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990.

காசு

செலவை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: பயணம், சாப்பாடும் தங்கலும், மொழிபெயர்ப்பு. இந்த மூன்றையும் தொடாமல் மற்றதில் எல்லாம் கை வைக்கலாம். துணிப்பை, பேனா, நினைவுச் சின்னம், பளபளக்கும் மாநாட்டு மலர், எதுவும் தேவையில்லை. மலர் வெளியிட்டால் விளம்பரம் வரும் என்பார்கள். வரும், ஆனால் நாலு பேர் இரண்டு மாதம் விளம்பரத்துக்கு அலைவார்கள், அந்த நாலு பேரும் வேறு வேலைக்குக் கிடைக்க மாட்டார்கள்.

பயணச் செலவைப் பொதுவில் போடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவரின் டிக்கெட்டும் மொரட்டுவையிலிருந்து வருபவரின் பஸ் காசும் ஒரே பெட்டியில் கூட்டப்பட்டு, தலைக்கு இவ்வளவு என்று எல்லோர் மீதும் சமமாக விழட்டும். கொழும்பு ஆட்களுக்கு முதலில் கொஞ்சம் கசக்கும், கணக்கைக் காட்டி விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள். தோட்டத் தொழிலாளிக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் கூட்டத்துக்கு வருவது என்றால் நாட்சம்பளம் போகிறது. அதை ஈடுசெய்யும் தொகையைச் செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகவே எழுதி, வந்த அன்றே உறையில் போட்டுக் கையில் கொடுங்கள், நாலு பேர் பார்க்கப் பெயர் கூப்பிடாமல். இது தானம் இல்லை, பயணச் செலவு மாதிரி ஒரு செலவு.

வங்கிக் கணக்கு மாநாட்டுக்கென்று தனியாக, இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பமோ ஒரே பங்கோ இல்லாமல். ரொக்கமாக வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. மதுபானக் கம்பனியோ கசினோவோ அனுசரணைக்கு வந்தால் குழுவைக் கூட்டி யோசிக்கத் தேவையில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அறிக்கை

சனி இரவே எழுதத் தொடங்குங்கள், ஒரு மொழியில் எழுதி மற்றதில் பெயர்க்காமல், இரண்டு பேர் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் சேர்த்தே. இரண்டு பக்கம் போதும். மேசைகளில் ஒத்துப்போகாத விஷயங்களுக்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள். ஞாயிறு மதியத்துக்கு முன் இரண்டு மொழியிலும் முழுவதையும் வாசித்து, பந்தி பந்தியாகக் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். கைதட்டலை வாக்காக எடுக்கக் கூடாது.

ஆயர் பேரவைக்குக் கொடுக்கும்போது, எந்தத் தேதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம் என்று கூட அனுப்பும் கடிதத்தில் எழுதுங்கள். பணிவாக எழுதலாம், ஆனால் தேதி இருக்க வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கப் பத்திரிகையான பாதுகாவலனுக்கும் சிங்களப் பத்திரிகையான ஞானார்த்த பிரதீபயவுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள், தமிழ்ப் பத்திரிகையில் ஒரு கிழமை பிந்தி வருவது நல்லாயிருக்காது.

பிரதிநிதிகளுக்கு ஒரு மாதத்துக்குள் மூன்று தாள் போய்ச் சேர வேண்டும்: அறிக்கை, வரவு செலவுக் கணக்கு, எந்த மறைமாவட்டம் எதைச் செய்வதாக ஏற்றது என்ற பட்டியல். பட்டியலில் ஆளின் பெயரும் போன் இலக்கமும் இருக்கட்டும். "குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிய வேலையை யாரும் பார்ப்பதில்லை. மிச்சக் காசு இருந்தால் கொழும்பில் வைத்திருக்காதீர்கள், அடுத்த கூட்டத்தை நடத்தும் மறைமாவட்டத்தின் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது மன்னாராக இருந்தால் பதிவு மேசைக்கு நான் வருகிறேன்.